ஜீப்புக்கு அடித்தகடு மாட்டிய காலம்

குனிந்து பார்த்தால் ஒழியக் கண்ணில் படாத வேலை ஒன்று உண்டென்றால், அது ஜீப்புக்கு அடித்தகடு மாட்டுகிற வேலைதான். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பல வருஷம், காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் நானும் வெல்டர் சுப்பையா நாயுடுவும் அதைச் செய்துகொண்டிருந்தோம். அப்போது சுற்றுவட்டாரத்து விவசாயிகளில் வசதியானவர்கள், ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப்புகளை வாங்கி வைத்திருந்தார்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற இடத்தைச் சேம்பர் என்போம். மாட்டுவண்டித் தடத்தில் ஒரு கல் சரியாக இடித்தால் போதும், சேம்பர் உடைந்து ஆயில் கொட்டி இன்ஜின் இறுகிவிடும். அதைக் காப்பாற்ற வேண்டிய தகடு இந்த ஏல வண்டிகளில் துருப்பிடித்து அப்பளம் மாதிரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

பழைய ரைஸ்மில் பாய்லர்களின் கனத்த தகட்டை வாங்கி வந்து, வெட்டி வளைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் போல்ட்டு போட்டு மாட்டுவோம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் காய்ந்த சேறும் துருவும் கண்ணுக்குள் விழுந்த அனுபவம் உள்ள சகபாவிகளே, இது உங்களுக்குத்தான்.

தவளை வாசல்

முசரவாக்கம் பக்கம் நிலபுலன் உள்ள தர்மசேன நயினார் எங்களுடைய முதல் பெரிய வாடிக்கைக்காரர். ஜைனர். எறும்புச் சாரி குறுக்கே போனால் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார் என்று ஊரில் சொல்வார்கள். மழை நின்ற ஒரு நாள் சாயங்காலம், அவருடைய ஜீப்பை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. ஸ்டீரிங்கில் நயினார்.

"இன்ஜின் போயிடுச்சாங்க?" என்று பதறி ஓடினேன்.

"இன்ஜின் நல்லாத்தாம்பா இருக்குது. தகட்டுக்குள்ள ஒரு ஜீவன் மாட்டிக்கினு கத்துது. ஸ்டார்ட் பண்ணா சூட்டுல செத்துடும்னு மாட்ட கட்டி இழுத்துக்கினு வந்தேன்."

காதை வைத்துக் கேட்டேன். தவளை. சேறு வழிய நான் விட்டிருந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது, வெளியே வரத் தெரியவில்லை. போல்ட்டுகள் எல்லாம் சேற்றில் இறுகிக் கிடந்தன. ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிட மாட்டார். "நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க, நான் எடுத்து விடறேன்" என்றேன். "ஒரு வேளை பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆவாதுப்பா, நீ கழட்டு" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தகடு இறங்கியதும் தவளை நாயுடுவின் மடியில் குதித்தது. நயினார் அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு போய்க் குட்டையில் விட்டுவிட்டு வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதற்குப் பிறகு அவர் சொல்லிச் சொல்லியே அவருடைய உறவுக்காரர் வண்டிகள் அத்தனையும் எங்கள் கொட்டகைக்கு வந்தன. எல்லாத் தகட்டுக்கும் பின்பக்கம் அகலமாக ஒரு வழி விட ஆரம்பித்தோம். முதல் தகட்டில் அந்த வழியை வெட்டி முடித்துவிட்டு நாயுடு கேட்டார்: "தவளைக்கு வாசல் வெச்சாச்சு. கோலம் போட யார வெக்கலாம்?"

சாயம் போகாது

ஒரு பட்டுப்புடவை வியாபாரி. நூல் கொடுக்கவும் நெய்கிறவர்களைப் பார்க்கவும் கிராமம் கிராமமாக ஜீப்பில் சுற்றுவார். தகட்டை மாட்டப் போகும்போது, "ஏம்பா, இது என்ன கருமாதி வீட்டு கலர்ல இருக்குது? மாம்பழக் கலர் அடி. ஓரத்துல அரக்குல பார்டர் போடு" என்றார்.

"அடியில மாட்டறதுங்க. யார் பாக்கப் போறாங்க?"

"ரோடு பாக்கும்ல?"

சொன்னபடியே அடித்துக் கொடுத்தோம். நாயுடு பார்டரை அவ்வளவு ஆசையாகப் போட்டார், இரண்டு கோபுரம்கூட வரைந்தார். மாட்டுவதற்கே மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் வியாபாரி கோபமாக வந்து இறங்கினார். பாலாற்று மணலும் சேறும் தேய்த்ததில் மாம்பழமும் இல்லை, அரக்கும் இல்லை. "சாயம் போவாதுன்னு சொல்லித்தானே குடுத்தே?" என்றார். எனக்கு வாயில் என்ன வந்ததோ, "நீங்க தண்ணி படாம வெச்சுக்கணுங்க. நெழல்ல காய வெச்சிருந்தா போயிருக்காது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். போகும்போது என் பெண்டாட்டிக்கென்று ஒரு ரவிக்கைத் துணியைக் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "தெனமும் நான் கடையில சொல்றத எங்கிட்டயே சொல்றியேப்பா!"

அசிங்கமான தகடு

சுகாதார நிலையம் ஒன்றின் ஜீப்பை ஓட்டியவர் காதர் பாய். வண்டிக்குத் தகடு கேட்டு அவர் நடையாய் நடந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, நாங்கள் மாட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அடைமழை. ஒரு கிராமத்தில் ஏகாம்பரம் என்கிற நெசவாளியின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து, குழந்தை குறுக்கே நிற்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்கள். வழியில் சிறுபாலத்தை மழை அரித்து, கருங்கல் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே தண்ணீர் ஓடியதால் தெரியவில்லை. வண்டி அதன்மேல் ஏறி, ஆளையே தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். "சேம்பர் போச்சு, அல்லாவே, இனி வண்டி நகராதுன்னு நெனச்சேன்" என்றார் காதர் பாய். ஆயில் இருப்பைக் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். முள் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

அதை அவர் எங்களிடம் வந்து சொன்னபோது ஏகாம்பரமும் கூட வந்திருந்தார். வெளுத்த வேட்டி, கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு தட்டு. "அந்தத் தகட்ட நான் பாக்கணும்" என்றார். வேண்டாம், தரையெல்லாம் ஆயில் என்று நான் சொல்வதற்குள், அந்த வேட்டியோடேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்துவிட்டார். கல் இடித்த இடம் ஒரு சட்டி கவிழ்க்கிற அளவுக்கு உள்வாங்கி, சேம்பருக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றிருந்தது. அந்தப் பள்ளத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். காதர் பாய் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். கடைசியில் அடியிலிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது: "இதுவாப்பா எங்க வூட்டுக்காரிய காப்பாத்துச்சு? ரொம்ப அசிங்கமா இருக்குதே!"

பாவு போட்டவர்கள்

எங்கள் கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் காலை நேரத்தில் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சிக்கெடுப்பார்கள். நடுவில் கைவிட்டால் பாவு தொய்ந்து பின்னிக்கொள்ளும். அதனால் அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள்.

அப்படி ஒரு காலையில், நான் ஜீப்புக்கு அடியில் தகட்டின் முன்பக்கப் போல்ட்டுகளை முடுக்கிவிட்டுப் பின்பக்கத்துக்கு நகர்ந்தேன். முதல் நாள் மழையில் தரை இளகியிருந்தது போலிருக்கிறது. முட்டுக் கொடுத்திருந்த கட்டை சரிந்து வண்டி இறங்கியது. தகட்டின் ஓரம் பக்கத்தில் குவித்திருந்த பழைய ஸ்பிரிங் பட்டைகள்மேல் உட்கார்ந்து நின்றுவிட்டது. தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் என் நெஞ்சு. பாதி மூச்சு இழுக்கலாம், முழு மூச்சு முடியாது. கத்தவும் காற்றில்லை. என் மூத்த பெண்ணின் முகம்தான் வந்தது.

நாயுடு ஒருத்தராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, தெருப் பக்கம் ஓடித் தெலுங்கில் அலறினார். அடுத்த நிமிஷம் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். வெறுங்கால்கள், கொட்டகை நிறைய. அத்தனை பேரும் பாவை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். "தூக்குப்பா, தூக்கு!" என்று ஒரே குரல். ஜீப் எழுந்தது. யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

வெளியே கிடந்து மூச்சு விட்டேன். விலாவில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார், ஒருத்தர் விசிறினார். திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு மண்ணில் புரண்டு கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. கையைக் கூப்பினேன். பாவுக்குச் சொந்தக்காரரான வரதப்பன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "கை காலு நல்லா இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்ப எழுந்து வா, கை கழுவிட்டு வந்து அந்தக் கோடிய புடி. உன்ன மாதிரியே அதுவும் சிக்கிக்கினு கெடக்குது."

மொத்தத்தில், காலமெல்லாம் மல்லாந்து படுத்தே பிழைத்த ஒருத்தனை ஒருநாள்கூடச் சோம்பேறி என்று சொல்லாத இந்த ஊருக்கு நான் எழுந்து நின்றுதான் நன்றி சொல்ல வேண்டும், இடுப்புதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.