முதல் சொட்டு தனக்கு

தையல்நாயகி அக்கா தலையை அண்ணாந்து, இடக் கண்ணின் கீழிமையை ஒற்றை விரலால் இழுத்துப் பிடித்து, தன் கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார். எதிரே பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுச் சிறுமி வாயைத் திறந்தபடி பார்க்கிறாள். சொட்டு கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்து தாடையில் வந்து நிற்கிறது. "பாத்தியா? நான் அழுதனா? கத்தினனா? இப்ப உன் மொற," என்கிறார் அக்கா. சிறுமி அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து கொடுக்கிறாள்.

அக்காவின் வெள்ளைக் கோட்டில் இரண்டு பைகள். வலப் பையில் சிவப்பு மூடிக் குப்பி. அது கண்ணின் பாவையை விரிக்கிற மருந்து, கொஞ்சம் எரியும். இடப் பையில் பச்சை மூடிக் குப்பி. கண் வறண்டவர்கள் போட்டுக்கொள்ளும் வெறும் ஈரம் அது, அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரு விரல் உயரத்திலிருந்து விடுவார். வியாழக்கிழமையன்று இருபது சின்னப் பிள்ளைகள் வந்தால் இருபது முறை பச்சை மூடியைத் திறப்பார். "எங்க மாமியா செத்தப்பகூட நான் இவ்ளோ கண்ணீர் வுட்டதில்ல," என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் அடுத்த பிள்ளையிடம் போவார்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. வியாழன்தோறும் அங்கே சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குள்ளே படமெடுப்பதுதான் அக்காவின் வேலை. இருபத்தாறு வருடங்களாக இதைத்தான் செய்கிறார். மூலக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். தன்னை யாரும் படமெடுக்க விடமாட்டார். யாராவது கைப்பேசியைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "உள்ள பாக்கறவளுக்கு வெளிய எதுக்கு?" என்பார். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, பெயர்கள் அதைவிட மோசம். ஆனால் திரையில் ஒரு கண்ணின் உள்பக்கம் வந்து விழுந்ததும், "அட, இது அரியாங்குப்பத்துப் புள்ளயாச்சே," என்பார். தப்பியதில்லை.

மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் தாழ்வாரத்தில் திரிவார்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருப்பதால் நண்பகலிலும் அங்கே தண்ணீருக்கு அடியில் இருப்பது போன்ற ஒரு பச்சை வெளிச்சம். எழுத்து மங்கி, விரல் ரேகை மங்கி, கடைசியில் அம்மாக்களின் முகமும் மங்க, சுவரைத் தடவிக்கொண்டு மிதப்பதுபோல நடப்பார்கள். யாரும் உரக்கப் பேசுவதில்லை. "லைட்டுக்கு முடி மொளச்சிருக்குது" என்று ஒரு பையன் ஒருமுறை சொன்னான். அண்ணாந்து பார்த்தேன். எனக்கு வெறும் டியூப்லைட்தான் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நான் எதையோ பார்க்கத் தவறுகிறேன் என்று தோன்றிக்கொண்டிருந்தது.

நான் அங்கே ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறேன். இருட்டறையின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, ஓர் ஆய்வுக்காகப் படிவம் நிரப்புகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அக்கா அதை எப்படியோ தெரிந்துகொண்டு என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுகிறார். என் படிவத்தில் 'வகை' என்றொரு கட்டம் உண்டு. முதல் வகை, இரண்டாம் வகை, மரபணு வகை, தெரியவில்லை. முதல் மாதம் அந்தக் கட்டத்தை நான் ஊர்ப் பெயரை நிரப்புவதுபோல நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கும் வகைகள் உண்டு. ஊசிப் புள்ள, மாத்திரப் புள்ள, வூட்டுச் சக்கர.

ஊசிப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே வந்துவிடுபவர்கள். உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது, ஊசி இல்லாமல் நாள் நகராது. அதனாலேயே வீடு முழுக்க அவர்கள்மேல் கண்ணாக இருக்கும். எட்டு வருடம் கழித்தும் பல பேருக்குப் படம் சுத்தமாக இருப்பதை அக்கா எனக்குக் காட்டியிருக்கிறார். வீட்டுச் சர்க்கரை ரத்தத்தில் தலைமுறை தலைமுறையாக வருவது. அதில் ஒரு வகை பரம சாது. பரிசோதனையில் அளவு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் கண்ணையோ சிறுநீரகத்தையோ தொடாது. "அது குடியிருக்கும், வூட்ட இடிக்காது," என்பார் அக்கா. மாத்திரைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், உடம்பு பெருத்து, கழுத்தில் கறுப்புப் பட்டை விழுந்து வருபவர்கள். ஊசி இல்லை என்பதால் எல்லாரும் இதை லேசு என்று நினைக்கிறார்கள். "இதான் டிகிரி சத்தம் போடாம இடிக்கறது. ஊசிப் புள்ளைக்குப் பதினஞ்சு வருசத்துல வர்றது இதுக்கு அஞ்சு வருசத்துல வந்து நிக்கும்." அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க நான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். வருடக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இளம் வயதில் வரும் இரண்டாம் வகைதான் சீக்கிரம் சேதம் செய்கிறது என்பதில் அக்கா சொன்னது சரிதான்.

படம் திரையில் விழும்போது அறை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் பரவும். அஸ்தமனத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தது போலிருக்கும். அதன் குறுக்கே சிவப்புக் கொடிகள் ஓடும். கேமராவின் ஒவ்வொரு சொடுக்குக்கும் அக்கா "அழகு" என்பார். எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தப்பாது. அதற்குமேல் ஒரு சொல் வராது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆரம்ப காலத்தில் ஒரு தாய் கெஞ்சிக் கேட்டபோது, "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாராம். "அந்தம்மா அதையே புடிச்சிக்கினு டாக்டரப் பாக்காம பூட்டுது. ஒண்ணு இருந்துச்சி டிகிரி. எங்கண்ணுக்குத்தான் அன்னிக்குத் தெரியல." அன்றிலிருந்து எந்தத் தாயிடமும் நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை.

போன ஆடியில், வீராம்பட்டினம் தேருக்கு முந்தின நாள், செல்வாம்பாள் தன் மகள் சுமலதாவோடு வந்தார். வீராம்பட்டினத்திலிருந்து மீன் எடுத்துவந்து டவுனில் விற்கிறவர். தலையில் அன்னக்கூடை இல்லாத அன்று கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். சுமலதாவுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டில் சர்க்கரை தெரிந்தது. கடைசியாகக் கண் படத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

என் கேள்விகளுக்கெல்லாம் செல்வாம்பாள்தான் பதில் சொன்னார். மகளின் கழுத்துக் கறுப்பை அழுக்கென்று நினைத்து, இரண்டு வருடம் பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் போட்டுத் தேய்த்ததைச் சொல்லித் தானே சிரித்தார். சுமலதா துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். செல்வாம்பாள், பெஞ்சில் அடுத்ததாக இருந்த ஓர் ஆறு வயதுச் சிறுமியின் தாயைப் பார்த்து, "பாவம், தெனம் நாலு ஊசியா? எம்பொண்ணுக்கு மாத்திரதான், லேசு," என்று இரக்கப்பட்டார். அந்தச் சிறுமிக்காக அக்கா தன் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டதை வேடிக்கை பார்த்து, "டாக்டருக்கே மருந்து பாரு," என்று மகளை முழங்கையால் குத்தினார்.

இருட்டறையில் சுமலதா முகவாயைக் கேமரா முன்னிருந்த தாங்கியில் வைத்தாள். சொடுக்கு. "அழகு" வரவில்லை. நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன். திரையில் ஆரஞ்சு வட்டத்துக்குள் சிவப்புத் திட்டுகள் சிதறிக் கிடந்தன. பள்ளிக்கூட வரைபடத்தில் புதுச்சேரி அப்படித்தான் இருக்கும், தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாக. அதில் சில துண்டுகள் பார்வையின் நடுமையத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. "அழகு," என்றார் அக்கா, வெகுநேரம் கழித்து. அடுத்த கண்ணிலும் அப்படியே.

டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவார். மணி அப்போது ஒன்று. செல்வாம்பாள் மகளின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வீட்டில் விருந்தாளிகள் வந்து இறங்கியிருக்கிறார்கள், வாசலில் ஆட்டோ நிற்கிறது, பூ வாங்க வேண்டும். அடுத்த வாரம் வந்து டாக்டரைப் பார்க்கிறேன் என்றார். இருந்து பார்த்துவிட்டே போங்கள் என்று அக்கா இரண்டு முறை சொன்னார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நாளிக்குத் தேருக்கா. மாத்திரச் சக்கரதான, எங்க ஓடிடப் போவுது?"

இந்த அடுத்த வாரம் எவ்வளவு நீளும் என்பது என் படிவத்திலேயே இருந்தது. போன முறை 'அடுத்த வாரம்' என்று போனவர் திரும்பி வர இரண்டு வருடம்.

அக்காவின் கை கோட்டுப் பைக்குள் போனது. இடப் பை. "உக்காரும்மா பாப்பா. இன்னொரு சொட்டு பாக்கி இருக்குது," என்று சுமலதாவை உட்காரவைத்து, இரண்டு கண்ணிலும் விட்டார். பிறகு செல்வாம்பாள் பக்கம் திரும்பி, "மருந்து போட்டுக்குது. ரெண்டு மணி நேரம் வெயில் படக் கூடாது. நெழலுதான்," என்றார். செல்வாம்பாள் முணுமுணுத்துக்கொண்டே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார். நான் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி பச்சை.

"இன்னா டிகிரி பாக்கற? எழுது."

என் படிவத்தில், விரிக்கும் மருந்து எத்தனை முறை என்றொரு கட்டம் உண்டு. ஒன்று என்று எழுதினேன். உண்மைதான். ஆனாலும் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டது போலத்தான் இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன்.

தாயும் மகளும் பச்சை வெளிச்சத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கோபமாக, பிறகு சும்மா. கொஞ்ச நேரத்தில் சுமலதா, போகிறவர் வருகிறவரையெல்லாம் சுற்றி ஒரு வட்டம் தெரிகிறது, எல்லாரும் சாமி படம் மாதிரி இருக்கிறார்கள் என்றாள். செல்வாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை மகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னப் பாரு. நான் எப்பிடிக் கீறன்?"

சுமலதா உற்றுப் பார்த்தாள். "உன் மூஞ்சி தெரிலம்மா. மூக்குத்தி மட்டும் மின்னுது."

அது மருந்தின் மயக்கம்தான். மாலைக்குள் சரியாகிவிடும். ஆனாலும் செல்வாம்பாளின் சிரிப்பு நின்றது. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பூவைப் பற்றியும் விருந்தாளிகளைப் பற்றியும் மறுபடி கேட்கவில்லை.

மூன்று மணி தாண்டி டாக்டர் வந்தார். இரண்டு கண்ணிலும் ரத்தக் கசிவு இருக்கிறது, ஒன்றில் மையத்துக்குப் பக்கத்தில் வீக்கம் தொடங்கியிருக்கிறது என்றார். இப்போதே சிகிச்சை தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆறு மாதம் தள்ளியிருந்தால் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். மாத்திரையோடு ஊசியும் தேவைப்படலாம். "மாத்திரதான சார்," என்று செல்வாம்பாள் மறுபடி மறுபடி கேட்டது கதவுக்கு வெளியே கேட்டது. ஒவ்வொரு முறையும் டாக்டர் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார்.

வெளியே வந்த செல்வாம்பாள் மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நேரே இருட்டறைக்கு வந்தார். கையில் திங்கட்கிழமை சிகிச்சைக்கான சீட்டு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று சொல்லிவிடுகிறவர். அந்தப் பார்வையோடுதான் அக்கா முன்னால் நின்றார்.

"யக்கா. எம்பொண்ணுக்கு ரெண்டாவதா ஒண்ணு வுட்டியே, அது இன்னா மருந்து?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கை இடப் பைக்குள் போனது. பச்சை மூடியைத் திறந்து, தலையை அண்ணாந்து, கீழிமையை ஒற்றை விரலால் இழுத்துப் பிடித்து, தன் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். அது கன்னத்தில் வழிந்து தாடையில் வந்து நின்றது. துடைக்காமல், குப்பியைச் செல்வாம்பாளிடம் நீட்டினார்.