பதினோராயிரம் துணிப் படங்கள்

என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் செல்போனைத் திறந்து பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். அத்தனையும் துணி. சிவப்புத் துணி, பச்சைத் துணி, அதைவிடக் கொஞ்சம் வெளிறிய பச்சைத் துணி. அவர் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர். ஆர்டர் கொடுத்தவன் அனுப்பிய மாதிரியும் பட்டறையில் சாயம் ஏறி வந்த துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்லும் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தை நம்ப மாட்டார். துண்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து, காலை எட்டு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். நான் துணியை நீட்டிப் பிடிக்க வேண்டும், அவர் படம் எடுப்பார். அடுப்பில் தோசை கருகினாலும் சரி, “அம்மிணி, அசையாமப் புடி” என்பார். எடுத்த கையோடு அங்கேயே நின்று பார்த்து, கொஞ்சம் கலங்கியிருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். உதவாத படம் ஒன்றைக்கூட போனில் வைத்திருக்க மாட்டார்.

ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏனுங்க, துணியவே எடுக்கறீங்களே, என்னையும் ஒரு நாளைக்கு எடுத்தா போன் தேஞ்சா போயிரும்?” என்று கேட்டேன். அவர் நிமிராமலே, “எடுத்துட்டுத்தான இருக்கறேன்” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். துணியை அவர் தோளில் வீசிவிட்டுக் கீழே இறங்கிவந்துவிட்டேன்.

வருஷ திதிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், அந்தப் போனைப் புரட்டிக்கொண்டே, “ஏம்மா, அப்பா போன்ல உங்க போட்டோ ஒண்ணுகூட இல்லீங்களா?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பொங்கிப் போட்டவளை எடுக்க ஒரு விரலால் அழுத்தினால் போதுமே. துணிக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லையா? செத்த மனுசரிடம் போய்ச் சண்டையா போடுவது என்று நீங்கள் கேட்கலாம். போட்டேன். தினமும் போட்டேன்.

போனின் பேட்டரி உப்பியிருந்தது. வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து என்று மகன் சொன்னான். அவனுடைய நண்பன் ஒருவன் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். டிபன் கேரியர் உயரம். உள்ளே இரண்டு டிஸ்க். வைஃபை மோடத்தோடு ஒயர் போட்டு இணைத்து, போனில் இருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றி, தன் பழைய லேப்டாப்பில் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தான். “ஒரு டிஸ்க்ல எழுதறத இன்னொண்ணுலயும் அப்படியே எழுதிக்குமுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல எல்லாம் இருக்கும்” என்றான். மனுசருக்கும் அப்படி இருந்தால் தேவலையே என்று நினைத்துக்கொண்டேன். போனை அவனே எடுத்துக்கொண்டு போய் எங்கோ கழித்துவிட்டான். அவர் எடுத்த படங்கள் இனி அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

அவன் போன பிறகு வேலம்பாளையம் வீட்டில் நானும் பெட்டியும். அதற்குள் ஒரு சின்ன விசிறி ஓடும். வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். பகலில் பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் சத்தத்தில் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றால் நன்றாகக் கேட்கும். ஞாயிறு எனக்குப் பிடிக்க ஆரம்பித்ததே அதனால்தான்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து என் முகத்தைத் தேடுவேன். எங்காவது ஒன்று, தப்பித் தவறியாவது ஒன்று இருக்காதா? பெட்டி பழசு, மகா சோம்பேறி. ஒரு படத்தைப் பெரிதாகத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தபால்தலை அளவில் வரும் குட்டிப் படங்களையே ஓட்டிப் பார்த்தேன். நான் பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணாலேயே ஓட்டினேன். துணி, துணி, துணி. முகம் இல்லை. தள்ளு.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமான் வாங்கினாலும் மறுநாளே அதற்குப் பனியன் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டுவிடுவோம். மிக்ஸிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, டிவி ரிமோட்டுக்குக்கூட உறை. போடாவிட்டால் நிட்டிங் பஞ்சு பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். பெட்டியின் மேலும் படிந்தது. சும்மா இருப்பேனா? நல்ல கனமான துணியாகப் பார்த்து, அடியில் எலாஸ்டிக் வைத்து, அளவெடுத்த மாதிரி ஒரு உறை தைத்து மாட்டினேன். அழகாக இருந்தது. மகனுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் பெட்டி கீ கீ என்று கத்தியது. உறையைக் கழற்றினால் உள்ளே தோசைக்கல் சூடு. ஒரு விளக்கு பச்சை, ஒரு விளக்கு சிவப்பு. பெட்டியை என் போனில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் படத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில் விழுந்திருந்த உறையையும் பார்த்தார்.

“ஏனுங்க்கா, இத மாட்டி வெச்சிருந்தீங்களா?”

“பஞ்சு படியுதுன்னு தச்சனுங்க.”

“மூச்சு முட்டிப் போச்சுங்க்கா அதுக்கு. ஒரு டிஸ்க் செத்துருச்சு. இன்னொண்ணும் சூடு பட்டதுதானுங்க, எத்தன நாளைக்கோ.”

சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு அழுகைதான் வந்தது. நான் தைத்த உறை. பதினோராயிரத்தில் பாதியைக்கூட நான் பார்த்து முடிக்கவில்லை. பார்க்காத பாதியில் நான் இருந்திருந்தால்?

பெரிய டிஸ்க் இரண்டும், வேகத்துக்கு ஒரு ரேமும் மாற்றிவிடலாம் என்றார். தானே வீட்டுக்கு வந்து செய்து தருவதாகவும் சொன்னார். வேண்டாம், எப்படிச் செய்வதென்று எழுதிக் கொடுங்கள் என்றேன். கெடுத்தது நான், இன்னொருவர் கையில் விட மனசில்லை. எழுதி, டிஸ்க்கையும் ரேமையும் கையில் கொடுத்துவிட்டு, “மொதல்ல செத்தத மட்டும் மாத்துங்க்கா. ஒண்ணுல இருக்கறது புதுசுக்கு முழுசா ஏறுன பொறகுதான் அடுத்தது. அவசரத்துல நல்லத உருவிட்டீங்கன்னா அவ்வளவுதானுங்க” என்றார்.

மறுநாள் காலையில் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். தைரியமெல்லாம் பேச்சில்தான், எழுதிக் கொடுத்த தாளை மூன்று தரம் படித்தேன். செக்கிங்கில் குறை உள்ள இடத்தைக் காட்ட அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பழைய தையல் டப்பாவில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கின் மேல் ஒன்றை ஒட்டினேன். பிறகு பெட்டியை அணைத்து, ரேமைச் செருகி, அம்பு ஒட்டியதை மட்டும் உருவி, புதிய டிஸ்க்கைத் தள்ளினேன். திரும்பப் போட்டதும் லேப்டாப்பில் நகல் ஏறும் கணக்கு ஓட ஆரம்பித்தது. ஒரு சதவீதம். இரண்டு.

அன்று சமைக்கவில்லை. டேபிள் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதிரிலேயே கிடந்தேன். சூடுபட்ட அந்த ஒற்றை டிஸ்க் நடுவழியில் நின்றால் அவருடைய கண் பார்த்தது எதுவும் மிஞ்சாது. “ஏனுங்க, இதையாச்சும் பாதில உட்டுட்டுப் போயிராதீங்க” என்று வாய்விட்டே சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்கு நூறு ஆனது. போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நாள் இரண்டாவது டிஸ்க்கையும் மாற்றினேன்.

அது முடிந்ததும் லேப்டாப்பில் ஒரு படத்தைத் தட்டினேன். வட்டம் சுற்றவில்லை. திரை முழுக்கத் திறந்துகொண்டது. கிளிப்பச்சைத் துணி. இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

அது என் விரல். கத்தரி பட்டு நகம் பிளந்து வளர்ந்த கோடு.

அடுத்ததைத் திறந்தேன். நீலத் துணி, என் மூன்று விரல்கள், மாவு ஒட்டியிருந்தது. அடுத்தது. மகன் கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாடி வளையல். அடுத்தது. விரல் வீங்கி மோதிரம் கழற்றிய தடம். வருஷம் வருஷமாக என் கை. பதினெட்டு வருஷம் செக்கிங்கில் நின்றவள், இதை விட்டுவிட்டேன். முகத்தைத் தேடிக்கொண்டு துணி துணி என்று தள்ளிவிட்டேனே.

ஒரு படத்தில் துணி கலங்கியிருந்தது. பழுப்பா சந்தனமா என்றே தெரியவில்லை. ஷேடு பார்க்க எதற்கும் உதவாது. விரல்கள் மட்டும் தெளிவாக, ரேகை வரைக்கும் தெரிந்தன. கலங்கின படத்தை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காத மனுசர் இதை அழிக்கவில்லை. தேதியைப் பார்த்தேன். அவர் போவதற்கு ஏழு வருஷம் முந்தையது.

மகனைக் கூப்பிட்டேன். “அம்மா, மீட்டிங்ல இருக்கறனுங்க, அப்பறமா கூப்படட்டுங்களா?” என்றான். சரி கண்ணு என்று வைத்துவிட்டேன். இதைச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. தோளில் துணியை வீசிவிட்டு வந்தேனே, அதற்குப்பிறகு எத்தனை காலை அந்த மாடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்போதும், சொன்ன மாதிரியே, எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பெட்டி உறை இல்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அன்னிக்குக் கொஞ்சம் நிமுந்து பாத்துச் சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பனுங்க.”