தொப்பியைக் கழற்றிப் பேசும் அதிகாரி

போன வருஷம் ஆடி கழிந்த சமயத்தில் உடன்குடியிலிருந்து அத்தான் போன் செய்தார். என் பெரியம்மா மகளின் கணவர். கருப்பட்டி வியாபாரம். நேரிலேயே அளந்து பேசுகிறவர், போனில் இன்னும் குறைவு. அன்று அவராகவே அழைத்ததால், யாருக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டேன். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். முந்தின நாள் கொதிக்கிற குழம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றி, காலைச் சுட்டுக்கொண்டாளாம். ஆபரேஷன் என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம்.

"நான் சொன்னா கேக்க மாட்டா. நீ ஒரு நட வந்துட்டுப் போயேன்" என்றார்.

அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய மாமியாருக்கு அந்தக் காலத்தில் கண்ணில் கத்தி வைத்து, பார்வையே அணைந்துபோனது. கடைசி வரை அந்தம்மாவைக் கையைப் பிடித்து நடத்தியவள் அக்காதான். இப்போது சிகிச்சை வேறு மாதிரி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்றெல்லாம் அவளிடம் சொல்லிப் பயனில்லை. அவள் பார்த்தது அவளுக்கு.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகும்போது என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். பேசிச் சம்மதிக்க வைப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் வாசலில் நின்ற என்னைப் பார்த்து அக்கா "யாரு?" என்று கேட்டதும் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. குரல் கொடுத்த பிறகுதான் சிரித்தாள். அன்று பகல் முழுக்க நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில், இருக்கிற மங்கல் வெளிச்சமாவது மிஞ்சட்டும் என்று சொல்லிவிட்டாள்.

கிளம்புகிற நேரத்தில்தான் எனக்கு அவன் நினைவு வந்தது.

அவன் யார் என்று சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் எங்கள் பக்கத்துக்குச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ டி.வி. வந்து சேரவில்லை. ஆனால் கடலோரத்தில் உயரமாக ஆன்டெனா வைத்தால் இலங்கையிலிருந்து படம் வரும். உடன்குடியில் பெரியப்பா வீட்டு மாடியில் அப்படி ஒன்று இருந்தது. லீவுக்கு அங்கே போனால் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்று வரும். ஏதோ குளிர்தேசத்துத் துறைமுக நகரம். அங்கே ஒரு போலீஸ் அதிகாரி. உயரம், நெற்றியில் விழும் முடி, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. நாங்கள் அவனை 'நம்மாளு' என்றோம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அவளுக்கே அதிக உரிமை.

பிடித்தது முகம்தான், மறைப்பானேன். அவன் திரும்பிப் பார்த்தால் நாங்கள் இருவரும் பாயில் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் முகத்தை மட்டும் வைத்து ஒருவனை இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவன் யாரிடம் பேசினாலும் முதலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். பணக்காரச் சீமாட்டியானாலும் சரி, மீன் கழுவுகிற பெண்ணானாலும் சரி. பேசுகிறவர் முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டான். எங்களைச் சுற்றி இருந்த ஆண்களில் ஒருவரும் பெண்பிள்ளைகள் பேசி முடிக்கும் வரை காத்திருந்ததில்லை. போலீஸ்காரரைத் தெருவில் கண்டால் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இவனைக் கண்டால் வெளியே வந்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கும்.

வசனம் ஒன்றும் புரியாது. படமும் பாதி நேரம் புள்ளிபுள்ளியாக இருக்கும். அதனால் கதையை நாங்களே சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு தொடக்கத்திலும் அவன் பூ வாங்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போவான். நரைத்த தலையோடு ஓர் அம்மாள் கதவைத் திறந்து பூவை வாங்கிக்கொண்டு, பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வாள். அது அவனைப் பெற்றவள் என்றும், போலீஸில் சேர்ந்த கோபத்தில் பேசுவதில்லை என்றும் அக்கா கண்டுபிடித்தாள். நான் நம்பினேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தபோது அப்பா காரணம் கேட்டார். ஆசிரியர் வேலை கிடைக்கும் என்றேன். அவன் என்னதான் பேசுகிறான் என்று தெரிந்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். அதை அப்பாவிடம் சொல்ல முடியுமா?

இந்தத் தொடரை என் மகன் சில வாரங்களுக்கு முன்பு இணையத்தில் தேடிப் பிடித்து என் போனுக்கு அனுப்பியிருந்தான். அக்கா இல்லாமல் பார்க்க மனம் வராமல் வைத்திருந்தேன். அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டேன். தொடக்க இசை வந்ததும் அவள் கை என் தொடையில் விழுந்தது.

"ஏட்டி, நம்மாளு!"

போனை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனில் அவன் யாரிடமோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"சத்தம் அவந்தான். ஆளத்தான் காணல" என்றாள். பிறகு போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் போனை அணைக்கப் போனபோது தடுத்து, ஒரு கண்ணுக்கு மட்டும் செய்ய முடியுமா என்று கேட்டாள். தேறாவிட்டால் இன்னொன்றைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. சமையல்கட்டில் நின்றிருந்த அத்தான் செருமிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் திருநெல்வேலியில் நடந்தது. பச்சைத் துணி போர்த்தி உள்ளே கொண்டுபோகும்போது என் விரல்களை நசுக்கிவிட்டாள். காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் என் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மறுநாள் கட்டைப் பிரித்ததும் டாக்டரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பமுட்டி இம்புட்டு நரைச்சுது?" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

சொட்டு மருந்துக்கு நடுவில், டாக்டர் அனுமதித்த பிறகு, மத்தியானங்களில் டி.வி.யின் பெரிய திரையில் அவனைப் பார்த்தோம். முதல் நாள் அவன் முகம் திரையை நிறைத்து வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தோம். தொடர் எடுத்ததே கலரில்தான். எங்கள் பெட்டிதான் கறுப்பு வெள்ளை. அவன் கண் பச்சை. குளத்துப் பாசி மாதிரிப் பச்சை. அக்கா எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இத்தனை நாளும் கறுப்பென்றே நினைத்திருந்தேனே என்று வருத்தப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இதுவும் நல்லாத்தான் இருக்கு என்று ஒத்துக்கொண்டாள்.

கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, எங்கள் கதைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மேட்டு வீட்டு அம்மாள் தாய் இல்லை. அவனோடு வேலை பார்த்து, அவன் கண்ணெதிரே செத்துப்போன ஒருவரின் மனைவி. "நம்ம கதைதான் நல்லா இருந்துச்சு" என்றாள் அக்கா. ஆனால் அடுத்த தடவை அந்தக் கதவு திறந்தபோது கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

என் கணவர் கிரிக்கெட் பார்க்க வழியில்லாமல் எங்களோடு ஒரு நாள் உட்கார்ந்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காவல் நிலையங்களுக்கு வேலை நிமித்தமாகப் போய் வந்தவர். இப்படி ஒரு போலீஸ் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார், எல்லாம் கதை விடுகிறார்கள் என்றார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு அவர் பக்கம் திரும்பினாள். "இருந்தா இப்பிடி இருக்கணும்னு ஒருத்தன் நெனச்சிருக்கான்லா. அது தப்பா?"

எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் அடிக்காமல் உண்மையை வாங்குவான். தோற்றுப்போனால் தோற்றுவிட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்வான். பதினைந்து வயதில் நான் அதை அழகு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது பார்த்தாலும் அது அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு கதையின் முடிவு மட்டும் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அவனோடு ஒன்றாக வளர்ந்த நண்பன் கொலை செய்துவிட்டு ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருப்பான். கையில் துப்பாக்கியோடு நம்மாளு கதவுக்கு முன்னால் நிற்பான். அந்த இடத்தில் கடற்காற்று அடித்து ஆன்டெனா திரும்பிவிட்டது. படம் மறுபடி வரவே இல்லை. விட்டிருப்பான் என்று அவளும், சுட்டிருப்பான் என்று நானும் அந்த லீவு முழுக்கச் சண்டை போட்டோம்.

அது வந்தது அக்கா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள். நண்பன் முகத்தைக் கண்டதுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. நான் மொழிபெயர்ப்பதைக்கூட மறந்தேன். நம்மாளு கதவுக்கு முன்னால் வந்து நின்றான். துப்பாக்கியைக் குனிந்து படியில் வைத்தான். தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தான். கதவைத் தட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நண்பன் பேசினான். சின்ன வயதில் நீந்தக் கற்றுக்கொண்டது, யார் முதலில் முங்கினார்கள் என்பது, இப்படி ஏதேதோ. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கதவு திறந்து, நண்பன் வந்து அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். விலங்கு மாட்டுவதைக்கூடக் காட்டவில்லை.

நான் மூக்கை உறிஞ்சினேன். அக்கா கண்ணாடிக்குக் கீழே விரலை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருக்கா" என்றேன்.

"அழல. மருந்து வடியுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நம்ம ரெண்டு பேருக்குமே தோணலியேட்டி, உக்காந்து பேசுவான்னு" என்றாள்.

மறுநாள் அவளைக் கூட்டிப் போக அத்தான் வந்தார். எதற்கும் அரை மணி நேரம் முன்னால் போய் நிற்கிறவர் அவர். பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டார். அக்காவின் பையை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தபோது டி.வி.யில் புதுக் கதை ஒன்று தொடங்கியிருந்தது. நின்றுகொண்டே பார்த்தார். நான் எழுத்தைப் படித்துச் சொல்ல, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இன்னொரு கண்ணுக்கு எப்போது நாள் கேட்கலாம் என்று அக்காவே பேச்சை எடுத்தபோது, பொறு என்பது போலக் கையைக் காட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் நினைவுபடுத்தினேன். டி.வி.யில் ஒரு பெண் நம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது போவட்டும்" என்றார் அத்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பொம்பள என்ன சொல்லுதா, அதச் சொல்லு."