படத்துக்குள் கேட்ட சத்தம்

எங்களுக்கு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். அறுபத்தேழில் புது ஆட்சி வந்த பிறகும் எங்கள் ஊரில் கூலி நெல் தகராறு ஓயவில்லை. அதில்தான் என் அப்பா வெட்டுப்பட்டு இறந்தார். அவரை யாரும் போட்டோ எடுத்ததே கிடையாது. விவசாயக் கூலிகள் சங்கத்தில் அவரோடு இருந்த ஒருவர் எப்போதோ பென்சிலால் வரைந்து கொடுத்த படம் மட்டுமே மிச்சம்.

அது கசங்கிவிடக் கூடாதென்று மைதாப் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டினேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்சுவரோடு சுவராக மாட்டிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அம்மா படத்தில் காதை வைத்தபடி நின்றார்.

"அப்பா ஏதோ சொல்றாருடி."

"மழைச் சத்தம்மா. இங்க வா."

"நீயே வந்து கேளேன்."

கேட்டேன். உள்ளே மெல்லிய நறநறப்பு. சட்டத்தை இறக்கினேன். பின்பக்கம் முழுக்கக் கரையான். பசையைத் தின்றுகொண்டே வந்து அப்பாவின் தோள்வரை அரித்திருந்தது. முகம் மட்டும் தப்பியது.

அதன்பின் நான் பசையைத் தொடுவதில்லை. படத்தின் மூலைகளைக் காகித மடிப்புகளில் செருகி, கண்ணாடி படாமல் இடைவெளி விட்டு, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டை கொடுத்து மாட்டுகிறேன். மாதம் ஒருமுறை கழற்றியும் பார்க்கிறேன்.

படம் பத்திரமாக இருக்கிறது. அம்மாதான், "அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலியே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் நானும் ஒருமுறை காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கழற்றுகிறேன்.