தரம் பிரித்த முகம்

இரீனி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு நிச்சயதார்த்த வீட்டில். என் சித்தப்பா மகள் ஃபவ்ஸியாவின் கொழுந்தன் மனைவி அவள்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ உக்காந்து அழாம, குப்பைய எடுத்துப் பலகையில ஒட்டிக்கிட்டு இருக்கா" என்றாள் ஃபவ்ஸியா.

"நீ மொதல்ல உன் எச்சில் தட்டைக் கழுவுடி" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பார்க்கப் போனேன்.

முகத்தம் மலையடியில் கெய்ரோவின் குப்பையைப் பிரித்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். இரீனியின் மகள் வெரோனியா, சாக்குக்குள் கிடந்த ஊசி குத்திக் காய்ச்சலில் போனவள். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்பதால் ஒரு போட்டோகூடக் கிடையாது. கையில் போன் வைத்துப் படம் எடுக்கிற காலமும் இல்லை அது.

"முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கு அத்தை" என்றாள் இரீனி.

பழைய கதவுப் பலகையில் அவள் மகளைச் செய்திருந்தாள். முடிக்குக் கறுப்புப் பை. கன்னத்துக்குச் சாக்லேட் காகிதத்தின் உட்பக்கம். கண்ணுக்கு இரண்டு பாட்டில் மூடிகள். கவுன் முழுக்கப் பெரிய துணிக்கடைகளின் பைகள். அந்தக் கடைகள் எதற்குள்ளும் பிள்ளை கால் வைத்ததில்லை.

"சாக்லேட் தின்னதில்ல. காகிதத்த மோந்து பார்த்தே இது பாலு, இது பாதாம்னு சொல்லுவா."

பலகையில் சாக்லேட் காகிதத்தை மடித்து ஒட்டியிருந்த அந்த மூக்கு அப்படியே வெரோனியா என்று பிள்ளையைப் பார்த்திருந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு பணக்காரர்கள் வசிக்கும் ஸமாலிக்கிலிருந்து ஓவியக் கண்காட்சி நடத்தும் ஷாஹிந்தா அம்மாள் வந்தாள். "இதுக்கு 'வாங்கித் தின்னும் நகரம்'னு பேர் வைக்கலாம்" என்றாள்.

"அவளுக்குப் பேர் இருக்கும்மா. கீழ வெரோனியான்னு எழுதினா கொண்டு போங்க. நாலு பேர் அவ பேரைப் படிக்கட்டும்" என்றாள் இரீனி.

ஷாஹிந்தா ஒத்துக்கொண்டாள்.

பலகையை எடுத்துப் போக வண்டி வருவதற்கு முந்தின நாள், அதைத் துணியால் மூடி, குப்பை பிரிக்கிற கீழறைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிள்ளையின் வருட நினைவுப் பூசைக்கு இரீனி மலைக்குகைக்குள் இருக்கும் தேவாலயத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த இரீனியின் நாத்தனார் சமீஹா, பலகையைப் பற்றி ஒன்றும் தெரியாமல், மதினிக்கு உதவியாக இருக்கட்டும் என்று துணியை விலக்கிவிட்டுப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் கை அப்படி. கலந்து கிடப்பதைப் பார்த்தால் சும்மா இருக்காது.

நாங்கள் திரும்பியபோது பலகை மட்டும் வெறுமையாக நின்றது.

"எல்லாத்தையும் பிரிச்சுட்டேன் மதினி. எவனோ பலகையில அப்படிக் கலந்து ஒட்டி வச்சிருந்தான், உரிக்கறதுக்குள்ள நகமே போச்சு" என்றாள் சமீஹா. அவள் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு.

பிளாஸ்டிக் சாக்கு அரவை மில்லுக்குப் போய்விட்டிருந்தது. காகிதமும் போய்விட்டது. மூடிச் சாக்கு ஒன்றுதான் மிச்சம். இரீனி அதைத் தரையில் கொட்டினாள். ஆயிரம் மூடிகள் இருக்கும். எல்லாம் ஒரே கம்பெனி. பிள்ளையின் கண் எதுவென்று தெரியவில்லை.

"சரியாத்தான் பிரிச்சிருக்கா அத்தை. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள்.

வண்டி வந்து காலியாகத் திரும்பியது. இன்னொன்று செய்யச் சொல்லி ஷாஹிந்தா இரண்டு முறை ஆள் அனுப்பினாள். இரீனி செய்து பார்த்தாள். முடி வந்தது, கவுன் வந்தது, மூக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து எந்த மூக்கு சரி என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. எங்களைக் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னோம்.

இரீனி இப்போதும் அந்தக் கீழறையில்தான் இருக்கிறாள். பிளாஸ்டிக் பிரிக்கிறாள்.