அம்மன் திருப்பிக் கொடுத்த மூச்சு

என் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த சமயம் எனக்கு இருமல் ஆரம்பித்தது. அறுபத்திரண்டாம் வருஷம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில், ஓர் அறையில் குடியிருந்தோம். சளிதானே என்று கஷாயம் வைத்துக் குடித்தேன். ஒரு நாள் காலையில் வாயைத் துடைத்த துணி சிவப்பாக இருந்தது. காசநோய் என்று டாக்டர் சொன்னார்.

அன்றைக்கே பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நாத்தனார், செம்பவாங்கிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரைப் பெற்ற தாயும் இருமி இருமித்தான் போனவர். பிள்ளை இல்லாத மனுஷி, என் சரசுவைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பால் கட்டிய மார்போடு படுத்திருந்தது நான். அந்த வேதனையை எழுத எனக்குத் தெரியவில்லை. நாலாம் வகுப்புதான் படித்தேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆஸ்பத்திரி. ஊசி, மாத்திரை, மறுபடியும் ஊசி. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்றார். ஓட்டமாக ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கலாம் என்று செம்பவாங்குக்கு பஸ் ஏறினேன்.

நாத்தனார் வாசலிலேயே பாய் போட்டார். எனக்கென்று தனியாக ஒரு தகரக் குவளை, அடுப்படிக்கு வெளியே ஆணியில் தொங்கியது. அதில்தான் தண்ணீர். குவளையில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்க நானாகவே பழகிக்கொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்து அவர் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது.

"அண்ணி, டாக்டரு நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டாரு," என்றேன்.

"டாக்டரு சொல்வாரு பாக்கியம். நாலு எட்டு ஓடுனா உனக்கு மூச்சு நிக்குமா சொல்லு. இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உங்க மாடிப்படி ஏற முடியுமா? முதல்ல உடம்பத் தேத்து. அப்புறம் பாப்போம்."

எனக்குப் பதில் பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மனிடம்தான் பேசினேன். தாயே, எனக்கு நகை வேண்டாம், வீடு வேண்டாம், மூச்சைக் கொடு. என் பிள்ளையை என் கையால் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அது மட்டும் போதும்.

மறுநாள் விடிகாலையிலிருந்து எங்கள் அம்மன் கோயிலை வலம் வர ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு சுற்றுக்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவில்லை. மழை நாளிலும் போனேன். மாதங்கள், வருஷங்கள் போகப் போக நடை வேகமானது. எனக்கே தெரியாமல் ஓட்டமானது. ஒரு நாள் குருக்கள் பூத்தட்டோடு குறுக்கே வந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஏம்மா, அம்மனை வலம் வர்றியா, தொரத்துறியா? மெதுவா போ. அவ எங்கேயும் ஓடிட மாட்டா."

வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பிரகாரம் உனக்குப் பத்தாது. வெளியில நீளமா ரோடு போட்டிருக்கான், அங்க ஓடு," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது அம்மன் வாக்கு மாதிரி பட்டது.

சிங்கப்பூர் தனி நாடான மறு வருஷம், பேரர் பார்க் திடலிலிருந்து ஒரு ஓட்டம் வைத்தார்கள். சிராங்கூன் ரோட்டில் மேலே போய் அதே வழியில் திரும்ப வேண்டும், பத்து மைல், பெண்களும் சேரலாம் என்றார்கள். மராத்தான் என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். மராத்தான் இன்னும் நீளம் என்று சரசு பிற்பாடு சொன்னாள். இருக்கட்டும். எனக்கு அதுதான் மராத்தான்.

பெயர் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தேக்காவில் என் காலுக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தும் வாங்கி வந்தார். அக்காவுக்கும் அவரே சொல்லி அனுப்பினார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து பாரு. அவ ஓடி முடிச்சுட்டா மறுபேச்சு பேசக்கூடாது." வருகிற ஜனவரியில் சரசு பள்ளிக்கூடம் சேர வேண்டும். செம்பவாங்கில் சேர்த்துவிட்டால் அதோடு போச்சு. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் சல்வாரைப் போட்டுக்கொண்டு திடலில் நின்றேன். சுற்றிலும் போலீஸ்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள், படித்த பெண்கள். நாத்தனார் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சப்பாத்துக் காலோடு எப்படிக் கும்பிடுவது? கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

துப்பாக்கி வெடித்தது. பின்னால் நின்ற கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. சப்பாத்து அங்கேயே கிடந்தது, நான் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

"பாக்கியம், சப்பாத்து, சப்பாத்து," என்று என் வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. திரும்பிப் போக வழியில்லை. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை காலமும் கோயில் கல்லில் நான் வெறுங்காலோடுதானே ஓடினேன். என் காலுக்குத் தெரிந்த ஓட்டம் அதுதான். அம்மன்தான் சப்பாத்தைக் கழற்ற வைத்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். புதுச் சப்பாத்து கடித்துப் பாதி வழியில் உட்கார்ந்தவர்களைக் கண்ணால் பார்த்தேன்.

பெருமாள் கோயிலைத் தாண்டும்வரை சுகமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் மேடு வந்தது. ஒரு லாரி புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. இருமல் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் குனிந்து நின்று இருமினேன். இருமல் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையால் வாயைப் பொத்தினேன். எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சிவப்பாக இருந்தால் என் பிள்ளை எனக்கு இல்லை. தாயே, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்தேன்.

வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் புழுதி. அவ்வளவுதான்.

அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடி அங்கேயே அழுதேன். சைக்கிளில் வந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "காக், போலே?" என்று கேட்டார். அக்கா, முடியுமா என்று அர்த்தம். யாரிடமும் வாய் திறக்காத நான் அன்றைக்கு நிமிர்ந்து நின்று சொன்னேன். "போலே." முடியும்.

அதற்குப் பிறகு இருமல் வரவில்லை. மூச்சு ஆழமாக, ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது. தார் சுட்டது. காபிக்கடையில் இருந்தவர்கள் என் காலைப் பார்த்துக் கை தட்டினார்கள். திடலுக்குள் நுழையும்போது பரிசு கொடுத்து முடித்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்தான் வந்திருப்பார்கள். ஆனால் நான் ஓடித்தான் வந்தேன், தலை நிமிர்ந்து வந்தேன்.

என் வீட்டுக்காரர் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். "கோயில் வாசல்ல செருப்புக்குக் காவல் இருக்கிற ஆளா ஆக்கிட்டியே என்னை," என்றார். கண் கலங்கியிருந்தது.

நாத்தனார் சரசுவின் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றினேன். இரைத்த இரைப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

"வாய் வச்சுக் குடி பாக்கியம்," என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "பிள்ளை போத்தல், அண்ணி."

"தெரியும். குடி."

வாய் வைத்துக் குடித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. அவர் போத்தலை வாங்கினார். துடைக்கவில்லை. அதே இடத்தில் தன் வாயை வைத்து ஒரு மிடறு குடித்துவிட்டுச் சரசுவிடம் கொடுத்தார். அவளும் குடித்தாள். பிறகு, "அம்மாகிட்டப் போடி, எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கா பாரு," என்று பிள்ளையை என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் அழுததையும் நான் பார்த்தேன்.

அன்றைக்குச் சரசுவைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி முழுவதும் ஏறினேன். நடுவில் நிற்கவில்லை. நாத்தனார் பின்னாலேயே வந்து, எங்களோடு ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் போனார். ஜனவரியில் என் மகளின் கையை நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஓட முடியாது, வலம் வருகிறேன். கூட்டத்தில் பேச இன்றைக்கும் கூச்சம்தான், அதனால் கோயில் மலருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பத்து மைல் ஓடியவள் நான். ஓட வைத்தவள் அம்மன். வீட்டில் நோயோடு, பிள்ளையைப் பிரிந்து, வாய் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், நாளைக் காலையில் கோயிலுக்கு வாருங்கள். ஒரு சுற்று போதும். மூச்சு வாங்கினால் அந்தத் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்து நின்ற தூண்தான் அது. பக்கத்தில் நான் இருப்பேன்.