அர்செல்லாவின் பலகை

அர்செல்லா டப்ஸுக்கு இடது கால் சற்றுக் குட்டை. ஐந்து வயதில் கோவேறு கழுதை வண்டியிலிருந்து விழுந்ததில் வந்த வினை. மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் அவளுக்கு நொண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பருத்தி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

சனிக்கிழமை மீன் விருந்தில் அவள் கிட்டாரை எடுத்துவிட்டால் கதையே வேறு. அங்கெல்லாம் மண்தரை, மிதித்தால் சத்தம் எழாது. அதனால் வாசிக்கிறவர்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுபோவார்கள். அர்செல்லாவின் பலகை பழைய தொழுவக் கதவிலிருந்து அறுத்தது. குட்டைக் கால் அதன்மேல் இறங்கும்போது முதலில் குதிகால் விழும். கொஞ்சம் ஏங்க வைத்துவிட்டுத்தான் விரல்கள் விழும். அந்த ஏக்கத்தில்தான் சனங்களின் இடுப்பு ஆடும்.

மெம்பிஸில் இசைத்தட்டுக்குப் பாட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் பலகையோடு கிளம்பியபோது, ஹார்மோனிகா வாசிக்கும் கிளியோஃபஸ் வழிமறித்தான். போன வருஷம் அவனும் அங்கே போய் வெறுங்கையோடு திரும்பியவன்.

"என்னையே வேணாம்னுட்டான். நொண்டிக் காலத் தூக்கிட்டு நீ போய் என்னத்தக் கிழிக்கப் போற?"

"தட்டு வந்துட்டா?"

"வந்துட்டா இந்தப் பலகைய என் தலையில வச்சு ஊரைச் சுத்தி வர்றேன். இவங்கெல்லாம் சாட்சி."

மெம்பிஸ் ஓட்டல் அறையில் ஜன்னல்களைப் போர்வையால் மூடி வைத்திருந்தார்கள். பாடப் பாட மெழுகுத் தட்டில் ஊசி கீறிப் பதியும். சிவப்பு விளக்கு அணையும்வரை வேறு யாரும் மூச்சுவிடக் கூடாது. பதிவு செய்யும் வெள்ளைக்காரர் பலகையைப் பார்த்து முகம் சுளித்து, அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டார்.

"கால் சத்தம் பாட்டக் கெடுத்துடும்மா."

"ஐயா, காலும் பாட்டுதான்."

யார் கேட்டார்கள்? முதல் பாட்டைத் தலையணைமேல் மிதித்தே பாடினாள். தாளம் தடுமாறியது. இதைக் கேட்டால் ஊரில் ஒருவரும் தன்னை அடையாளம் காண மாட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த பாட்டுக்கு விளக்கு எரிந்ததும், தலையணையைக் காலாலேயே ஓர் எத்து எத்தினாள். அவர் கையை ஆட்டினார், பல்லைக் கடித்தார். வாயைத் திறந்தால் தட்டு பாழாகிவிடுமே. அர்செல்லா ஆசை தீர மிதித்துப் பாடி முடித்தாள். வேறு மெழுகு மிச்சம் இல்லாததால் அவர் அதையே எடுத்துக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் ஊர்க் கடைக்குத் தட்டு வந்தது. மேலே அச்சாகியிருந்த பெயரோ லில்லி மே. கம்பெனிக்கு டப்ஸ் என்ற பெயர் பிடிக்கவில்லை போலும். கடைக்காரர் ஓதா முதல் பக்கத்தைப் போட்டார். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலிருந்தது. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் பாட்ட எவளோ பாடியிருக்கா," என்றான் கிளியோஃபஸ். "பலகைய நீயே தூக்கு."

அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"திருப்பிப் போடுங்கண்ணே," என்றாள்.

ஊசி இறங்கியது. முதலில் இரைச்சல். பிறகு குதிகால். கொஞ்சம் ஏக்கம். பிறகு விரல்கள்.

உப்புப் பீப்பாய் ஓரம் நின்ற வெர்னிஸ் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அட, இது நம்ம அர்செல்லா காலுல்ல? இந்த நடை இந்தப் பக்கத்துல வேற யாருக்கு இருக்கு?"

அவ்வளவுதான். கடை முழுக்க ஆட ஆரம்பித்தது. ஓதா தராசை மறந்து ஆடினார். அத்தனை வருஷமும் நொண்டி என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் அன்று அர்செல்லா, அர்செல்லா என்று கூவின. அவள் பெருமை தாங்காமல் அழுதாள்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் காத்திருக்கவில்லை.

அன்றே கிளியோஃபஸ் அவள் பலகையைக் கொண்டுவந்து தலைக்கு ஏற்றினான். ஊரே பின்னால் வந்தது. அர்செல்லா விந்தி விந்தி முன்னால் நடந்தாள். அவள் கால் விழும்போதெல்லாம் அத்தனை பேர் காலும் அதேபோல் ஏங்கி விழுந்தது.

தேவாலய முக்கில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கிளியோஃபஸு, நீயும் தாளம் தப்பாம நட."

அவனும் விந்தி நடந்தான்.